வீலான்: மாயமா, மெய்நிகரா?

கண்ணாடிக்குள் தெரியும் உருவத்தை 'மாய பிம்பம்' என்று பள்ளியில் படித்தோம். அங்கே 'மாய' என்று வந்த அதே விர்ச்சுவல்தான் கணினிக்குள் நுழைந்ததும் 'மெய்நிகர்' ஆனது. கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் ஒன்றையே பல தனி வலைகளாகப் பிரிக்கும் வீலானுக்கு (VLAN, விர்ச்சுவல் லான்) பின்னதுதான் பொருந்தும்.

லத்தீனில் 'விர்' என்றால் ஆண், அதிலிருந்து 'விர்த்துஸ்'. நம் ஆண், ஆண்மை மாதிரியேதான். வீரம், ஆற்றல் என்று விரிந்த அந்தச் சொல், உருவில் அதுவாக இல்லாமல் ஆற்றலால் அதுவாகவே நிற்பதையும் குறிக்கத் தொடங்கியது. வீலானும் தனிக் கம்பி, தனி ஸ்விட்ச் இல்லாமலே தனி வலை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ரௌட்டர் வேண்டும்.

வீலானைத் தமிழில் 'மெய்நிகர் குறும்பரப்பு வலையமைப்பு' என்கிறார்கள். போனில் சொல்லி முடிப்பதற்குள் சர்வர் ஒருமுறை ரீபூட் ஆகிவிடும். நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எந்தத் தரவுப் பொதி எந்த வலைக்கு என்று காட்டி உண்மையில் வேலை பார்க்கிற டேக் இந்தப் பெயரில் எங்கும் இல்லையே!

டேக்குக்கு நம்மிடம் 'குறி' இருக்கிறது. தாமிரபரணிப் படித்துறைக்குப் பத்து வீட்டுத் துணியும் ஒரே மூட்டையில் போகும். சேங்கொட்டைச் சாற்றில் ஓரத்தில் இட்ட சலவைக் குறியைப் பார்த்துத்தான் வீட்டுவாரியாகப் பிரிப்பார்கள். வீலானுக்கென 1998-ல் வெளிவந்த 802.1கியூ தரம் செய்வதும் இதையே. ஒவ்வொரு ஈதர்நெட் பொதியிலும் 4 பைட் செருகும். அதில் 12 பிட் வீலான் எண். மொத்தம் 4096 எண்களில் 0, 4095 இரண்டும் ஒதுக்கு; மிச்சம் 4094 நமக்கு.

லினக்ஸில் நெட்வொர்க் கார்டைக் குறிக்கும் ஈத்0 என்ற தாய் இடைமுகத்தின் மேல் 'ஐபி லிங்க் ஆட்' கட்டளையால் ஈத்0.20 என்று ஒரு பிள்ளையை உருவாக்குகிறோம். புள்ளிக்குப் பின்னுள்ள எண் வெறும் பெயர் வழக்கம். குறியை முடிவு செய்வது கட்டளையில் தரும் ஐடிதான். ரீபூட் ஆனால் பிள்ளை காணாமல் போய்விடும், நெட்பிளான் மாதிரி அமைவுக் கோப்பில் எழுதிவைக்காவிட்டால்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு நான் அரைநாள் முழித்தேன். "லைட்டு பச்சையாத்தான எரியுது அண்ணாச்சி, பெறவு ஏன் பிங் போவ மாட்டேங்கு?" என்றான் உதவிக்கு வந்த பையன். பொதிகளின் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப்பில் பார்த்தால் குறி 20 போட்டுப் பொதி வெளியே போகிறது, பதில்தான் இல்லை. ஸ்விட்சில் அந்த போர்ட் 'ஆக்சஸ்' நிலையில் இருந்தது. குறியில்லாத பொதி மட்டும்தான் அதற்கு ஆகும். குறியிட்ட பொதிகளையும் ஏற்கும் 'ட்ரங்க்' ஆக்கி 20-ஐ அனுமதித்ததும் பிங் ஓடியது.

அன்றிலிருந்து நான் எழுதுவது 'குறிவலை'. அந்த ஆய்வக ரேக்கில் 'குறிவலை 20 – ஆய்வகம், குறிவலை 30 – அலுவலகம்' என்று சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன். போன மாதம் போனபோது அதன் கீழே யாரோ பென்சிலில் 'அதாவது வீலான்' என்று எழுதியிருந்தார்கள்.