டிராஃப்ட் போட்டாலே தரநிலை ஆகிவிடாது

ஒரு வென்டர் அனுப்பிய தொழில்நுட்ப விவரக் கோப்பைப் போன வாரம் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. "எங்கள் நெறிமுறை ஐ.இ.டி.எஃப். அங்கீகாரம் பெற்றது" என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஐ.இ.டி.எஃப். என்பது இணையத்துக்கான தொழில்நுட்பத் தரநிலைகளை உருவாக்கும் அமைப்பு. ஆதாரமாகக் கொடுத்த ஆவணத்தைத் தேடி எடுத்தால், அது அவர்களுடைய ஊழியர் ஒருவரே பதிவேற்றிய வரைவு. அதுவும் காலாவதியாகி ஆண்டுக்கணக்கில் ஆகிறது. நெட்வொர்க் கருவிகள் வாங்குவதற்கு முன் இப்படிப்பட்ட கோப்புகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. இதே வாக்கியத்தை வெவ்வேறு நிறுவனங்களின் கோப்புகளில் படித்துப் படித்து அலுத்துவிட்டது. வாங்குகிறவர்களும் அதைப் பார்த்துத் தலையாட்டுகிறார்களே, அதுதான் எரிச்சல்.

இன்டர்நெட் டிராஃப்ட் எனப்படும் வரைவை யார் வேண்டுமானாலும் பதிவேற்றலாம். நீங்களும் போடலாம், நானும் போடலாம். வடிவம் சரியா, உரிமை வாசகங்கள் இருக்கின்றனவா என்று ஒரு மென்பொருள் பார்க்கும். உள்ளே எழுதியிருப்பது வேலை செய்யுமா என்று அந்தக் கட்டத்தில் யாரும் பார்ப்பதில்லை. ஆறு மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் அது காலாவதி. இதை 'நடந்துகொண்டிருக்கும் வேலை' என்று மட்டுமே குறிப்பிட வேண்டும், மேற்கோள் ஆதாரமாகக் காட்டக் கூடாது என்று ஒவ்வொரு வரைவின் முதல் பக்கத்திலும் அச்சிட்டே இருக்கிறது. அதையே ஆதாரமாகக் காட்டுவது, விண்ணப்பம் போட்ட அன்றே வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிவது போலத்தான்.

கோப்பின் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. 'டிராஃப்ட்' என்பதற்கு அடுத்து 'ஐஇடிஎஃப்' என்று வந்தால், ஒரு பணிக்குழு அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் ஆளின் பெயர் இருந்தால் அது தனிநபர் வரைவு. பணிக்குழு எடுத்துக்கொண்டாலும் அது தரநிலை இல்லை. இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கிப் பாதுகாக்கும் நெறிமுறையான டி.எல்.எஸ். 1.3-இன் வரைவுகள் 28ஆம் எண் வரை போய், 2018 ஆகஸ்டில்தான் ஆர்.எஃப்.சி. 8446 ஆக வெளிவந்தது. ஆர்.எஃப்.சி. என்பது வரைவுக் கட்டம் முடிந்து எண்ணிட்டு வெளியிடப்படும் ஆவணம். ஒரு வரைவை வைத்து எழுதிய மென்பொருளும் பிந்தைய வரைவை வைத்து எழுதியதும் ஒன்றோடொன்று 1.3-இல் பேச முடியாத கட்டங்கள் நடுவில் இருந்தன. அப்போது "1.3 ஆதரவு உண்டு" என்று விற்றவர்களிடம் எந்த வரைவு என்று கேட்டிருக்க வேண்டும்.

சரி, ஆர்.எஃப்.சி. எண்ணே கிடைத்துவிட்டது என்றால்? அப்போதும் பொறுங்கள். எல்லா ஆர்.எஃப்.சி.யும் தரநிலை அல்ல என்று சொல்வதற்காகவே 1995-இல் ஓர் ஆர்.எஃப்.சி. வெளியிட்டார்கள், எண் 1796. இன்றைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். தரநிலைத் தடம், நடைமுறைப் பரிந்துரை, தகவலுக்கானது, பரிசோதனை, பழையது என்று வகைகள் தனித்தனி. வந்த வழிகளும் தனித்தனி. ஐ.இ.டி.எஃப். வழியாக வந்தவை உண்டு, ஆராய்ச்சிக் குழுக்கள் வழியாக வந்தவை உண்டு, சுயேச்சையாகச் சமர்ப்பித்து வெளிவந்தவையும் உண்டு. தரவு மையங்களில் எங்கும் ஓடும், இருக்கும் நெட்வொர்க்கின் மேல் மெய்நிகர் நெட்வொர்க்குகளை அமைக்கும் வி.எக்ஸ்.லேன்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆர்.எஃப்.சி. 7348 சுயேச்சைச் சமர்ப்பிப்பு, 'தகவலுக்கானது' என்ற வகை. அதனால் அது மட்டம் என்று அர்த்தமில்லை. ஆனால் 'ஐ.இ.டி.எஃப். தரநிலை' என்று எழுதினால் அது பொய். எண் இருந்தாலே போதும் என்பவர்களுக்கு நான் 1149-ஐ அனுப்பி வைப்பேன். புறாவின் காலில் கட்டி டேட்டா பாக்கெட் அனுப்பும் முறை, 1990 ஏப்ரல் 1 தேதியிட்டது. அதற்கும் எண் இருக்கிறது.

தரநிலைத் தடத்தில் வருவது எப்படித்தான் ஒப்புதல் பெறுகிறது? பணிக்குழு முடித்ததும் பொறுப்பான துறை இயக்குநர் படிக்கிறார். பிறகு எல்லோருக்குமான கடைசி அழைப்பு. பணிக்குழு ஆவணத்துக்கு இரண்டு வாரம், தனிநபர் ஆவணத்துக்கு நான்கு வாரம். இந்த நேரத்தில் பாதுகாப்பு, இயக்கம் போன்ற துறைகளின் மதிப்பாய்வாளர்களும் படிக்கிறார்கள். அதன் பிறகுதான் துறை இயக்குநர்கள் சேர்ந்த ஐ.இ.எஸ்.ஜி. என்ற வழிகாட்டுக் குழுவின் மேசைக்கு வரும். பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இவர்கள் தொலைபேசி வழியே கூடுகிறார்கள்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு இயக்குநரும் 'ஆம்', 'ஆட்சேபணை இல்லை', 'டிஸ்கஸ்' (பேசித் தீர்க்க வேண்டிய குறை இருக்கிறது), 'விலகி நிற்கிறேன்' என்று ஏதாவதொரு நிலையைப் பதிவு செய்கிறார். தனக்கும் ஆவணத்துக்கும் தொடர்பு இருந்தால் ஒதுங்கிக்கொள்ளவும் இடம் உண்டு. தரநிலைத் தட ஆவணத்துக்குக் குறைந்தது ஓர் 'ஆம்' வேண்டும், மூன்றில் இரண்டு பங்கினர் 'ஆம்' அல்லது 'ஆட்சேபணை இல்லை' சொல்லியிருக்க வேண்டும், ஒரு 'டிஸ்கஸ்' கூட மிச்சம் இருக்கக் கூடாது. 'டிஸ்கஸ்' விழுந்தது என்று கேள்விப்பட்டாலே "நிராகரித்துவிட்டார்கள்" என்று வதந்தி கிளம்பிவிடும். அப்படியில்லை. 'டிஸ்கஸ்' போடுகிறவர், இந்த இடத்தில் இரண்டு கருவிகள் ஒன்றையொன்று தவறாகப் புரிந்துகொள்ளும், இந்தத் தாக்குதலைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பது மாதிரி, திருத்தக்கூடிய குறையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நடை பிடிக்கவில்லை, நானாக இருந்தால் வேறு மாதிரி வடிவமைத்திருப்பேன் என்பதெல்லாம் 'டிஸ்கஸ்' ஆகாது. ஆசிரியர்கள் திருத்தியதும் அந்த இயக்குநரே அதை நீக்கிவிடுவார். பாதுகாப்புப் பகுதியை இரண்டு வரியில் முடித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள், அது எனக்குத் தனி மகிழ்ச்சி. ஒப்புதலுக்குப் பிறகும் ஆவணம் ஆர்.எஃப்.சி. ஆசிரியர் குழுவிடம் சென்று வரிவரியாகச் செப்பனிடப்பட்டுத்தான் எண் பெறுகிறது.

பணிக்குழுவில் பெரும்பான்மை வாக்கெடுப்பு என்று ஒன்றும் கிடையாது. நிறுவனங்களுக்கு அங்கே உறுப்பினர் அட்டை கிடையாது, ஒவ்வொருவரும் தனி ஆளாகத்தான் பேசுகிறார். ஒரு நிறுவனம் தன் ஊழியர்கள் நூறு பேரை "ஆதரிக்கிறேன்" என்று எழுத வைத்தாலும், ஒருவர் சொன்ன தொழில்நுட்பக் குறைக்குப் பதில் இல்லையென்றால் ஒருமித்த கருத்து வந்ததாக ஆகாது. ஆர்.எஃப்.சி. 7282 இதைப் பொறுமையாக விளக்குகிறது. நேரில் கூடும்போது கை தூக்காமல் முனகிக் காட்டும் பழக்கம்கூட எண்ணிக்கை பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான்.

இன்னொன்று. ஐ.இ.டி.எஃப். எந்தக் கருவிக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. கொடுத்ததாக யாராவது சொன்னால் அந்தக் கோப்பை அங்கேயே மூடிவிடுங்கள்.

வாங்குகிறவர்கள், டெண்டர் எழுதுகிறவர்கள் தயவுசெய்து இவற்றையாவது செய்யுங்கள். ஆவணத்தின் தலைப்பகுதியைப் படியுங்கள். இணையத்தில் டேட்டாவைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் டி.சி.பி. நெறிமுறைக்கான ஆர்.எஃப்.சி. 9293-இன் தலையில் 'எஸ்.டி.டி. 7' (முழு இணையத் தரநிலைக்குத் தரும் எண்) என்றும், 793 உள்ளிட்ட ஏழு ஆவணங்களுக்குப் பதிலாக வந்தது என்றும், 2022 ஆகஸ்ட் என்றும் இருக்கும். 1981-இல் வந்த 793-ஐ இன்னும் டெண்டரில் டி.சி.பி.க்குக் கேட்பவர்கள் அதைக் கவனிக்கவும். 'தரநிலைத் தடம்' என்று மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள்; முன்மொழியப்பட்ட தரநிலையா, முழு இணையத் தரநிலையா என்பது ஆர்.எஃப்.சி. ஆசிரியர் தளத்தின் விவரப் பக்கத்தில் தெரியும். அதற்காக 'முன்மொழியப்பட்டது' என்றதும் தள்ளிவிடவும் வேண்டாம். டி.எல்.எஸ். 1.3 அந்த நிலையில் வந்ததுதான், உலகமே அதில் ஓடுகிறது. பிழைத்திருத்தப் பட்டியலையும் திறந்து பாருங்கள், வெளியான ஆர்.எஃப்.சி.யின் உரையை யாரும் திருத்த மாட்டார்கள். "முழுமையாகப் பின்பற்றுகிறோம்" என்று வென்டர் சொன்னால், 'கட்டாயம்' (MUST) என்று இருப்பவற்றை விட்டு, 'செய்வது நல்லது' (SHOULD) என்ற பரிந்துரைகளில் எவற்றைச் செய்யவில்லை, ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வர நாளாகும். அந்தத் தாமதமே நிறையச் சொல்லும்.

குறை கண்டவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆவணம் வெளியான பிறகு என்னிடம் வந்து புலம்பாதீர்கள். அந்த இரண்டு வாரக் கடைசி அழைப்பில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், கட்டணம் இல்லை, பதவியும் தேவையில்லை. எந்தப் பிரிவு, எந்தச் சூழலில் உடைகிறது, எப்படி மாற்றினால் சரியாகும் என்று மூன்று பத்தி எழுதினால் போதும்.