மணி அடித்தால் நின்றுவிடும் கால்

கும்பகோணத்தில் எனக்குச் சட்டை தைத்துத் தரும் அக்காவுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. சாயரட்சை மணி கேட்டால் மிஷினை மிதிக்கும் அவர் கால் சட்டென்று நின்றுவிடும். கண் வாசலுக்குப் போகும்.

நாலு வயதிலிருந்து பதினேழு வயதுவரை கொள்ளிடக் கரையில் ஒரு கட்டுப்பெட்டியான கூட்டுக்குடியிருப்பில் வளர்ந்தவர். குரு வைத்ததுதான் சட்டம். பிள்ளைகளுக்குத் தனிக் கொட்டகை. பெற்ற அம்மாவையும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட வேண்டும். மணி அடித்தால் கூடத்தில் கூட வேண்டும். “தப்பு பண்ணினா அடி விழும்னா ஒதுங்கிக்கலாம் தம்பி. அங்கே யாரை எதுக்கு எழுப்பி நிறுத்தி அடிப்பாங்கன்னே தெரியாது” என்றார்.

அந்தத் தெரியாமைதான் உடம்பை அரிக்கிறது. ஒரே அளவு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்ட எலிகளில், முன்னால் எச்சரிக்கை ஒலி கேட்டவற்றுக்கு வயிற்றுப்புண் குறைவாகவே வந்தது. ஒலி இல்லாத நேரத்தில் அவை நிம்மதியாக இருக்க முடிந்தது. எச்சரிக்கையே கிடைக்காத எலிக்கு எல்லா நேரமும் ஆபத்து நேரம். அந்தக் கூடத்துக் குழந்தைக்கும் அப்படித்தான். மூளையில் பயத்தைப் பதிவு செய்யும் அமிக்டலா ஓய்வதில்லை, மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் சுரந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பயத்தை அடக்கி நிதானம் சொல்ல வேண்டிய நெற்றிப்பக்க மூளையோ இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பது. குழந்தைக்கு அந்தக் கடிவாளம் இன்னும் கைக்கு வரவில்லை.

சரி, தாயையும் பிள்ளையையும் ஏன் பிரிக்கிறார்கள்? ஆஸ்திரியாவில் ஓட்டோ மூல் என்ற கலைஞர் நடத்திய கம்யூன் என்ற கூட்டுக்குடியிருப்பிலும் தனிக் குடும்பத்துக்கு இடமிருக்கவில்லை. சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்காக 1991-ல் அவருக்கு 7 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

காரணம் உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனையில் தெரிகிறது. ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார். கண்ணெதிரே விடை இருந்தும், சுற்றியிருந்தவர்கள் ஆஷ் சொல்லிவைத்தபடி சேர்ந்து தப்பாகச் சொன்னதால் நாலில் மூன்று பேர் ஒருமுறையாவது அவர்களோடு ஒத்துப்போனார்கள். அதே அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, அப்படி ஒத்துப்போவது கால்பங்காகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் கல்லூரி மாணவர்கள், சில நிமிடம் உட்கார்ந்திருந்தவர்கள். பிறந்ததிலிருந்து அந்த அறையிலேயே இருக்கும் குழந்தைக்கு அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாதான். அவரை எடுத்துவிட்டால் போதும்.

அக்காவுக்கு அந்த ஒருவர் சமையற்கட்டில் கிடைத்தார். கூடத்தில் அழுதுவிட்டு வந்தால் ஒரு பாட்டி அச்சுவெல்லத்தைக் கையில் திணித்து, “உன் மேல ஒரு தப்பும் இல்லடி” என்பாராம். பதினேழு வயதில் மதகுப் பக்கமாக அவர் வெளியேறியதற்கு அந்தக் குரல்தான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

பழைய பயம் மூளையிலிருந்து அழிவதில்லை. அதன்மேல் ‘இங்கே ஒன்றும் ஆகாது’ என்ற புதுப் பதிவைத்தான் எழுத முடியும், அதுவும் திரும்பத் திரும்ப. அதனால்தான் வெள்ளிக்கிழமை தோறும் அக்கா மகளோடு கோயிலுக்குப் போய், மணிக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். போன வாரம் நான் கடையில் இருந்தபோது மணி அடித்தது. கால் நின்றது. மூன்றாவது அடிக்குள் மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.