குதிகால் வலியா? எக்ஸ்ரேயில் தெரியும் முள்ளைத் திட்டாதீர்கள்

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்தின மாதிரி சுரீர் என்கிறது, நொண்டிக்கொண்டே பாத்ரூம் வரை போய் வந்தால் பாதி குறைந்துவிடுகிறது, நெடுநேரம் நின்றாலோ உட்கார்ந்து எழுந்தாலோ மறுபடி பிடித்துக்கொள்கிறது. வலி இந்தக் கணக்கில் வந்தால், பெரும்பாலும் தகராறு உள்ளங்காலில் ஓடும் ஒரு பட்டையான திசுவில்தான்.

ஒரு காலை மறு தொடைமேல் போட்டு, கட்டைவிரலை மேல்நோக்கி வளைத்துப் பாருங்கள். உள்ளங்கால் வளைவில் தடிப்பாக ஒன்று விறைத்து நிற்பது கைக்குத் தட்டுப்படும். குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் அடிவரை போகிறது அது. நடக்கும்போது குதிகால் எழும்பி விரல்கள் வளைந்தால் பட்டை இறுகும், வளைவு உயரும், பாதம் கெட்டிப்படும். அப்படிக் கெட்டிப்பட்டால்தான் தரையை உந்தி அடுத்த அடி வைக்க முடியும். இதை 1954-இல் ஹிக்ஸ் என்பவர் விளக்கினார். ஒவ்வொரு அடியிலும் அந்த இழுவை போய் நிற்கும் இடம் பட்டை எலும்பில் ஒட்டியிருக்கும் முனை. தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து பட்டை தளர்ந்து கிடக்கிறது, எழுந்ததும் உடம்பின் பாரம் அதைச் சட்டென்று இழுக்கிறது. அதனால்தான் காலையில் அந்தப் பாடு.

"குதிகாலில் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருக்கு, வலிக்கு அதுதான் காரணம்" என்று எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்வார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள் இருக்கிறது, முள் அப்படியே இருக்கும்போதே வலி போய்விடுவதும் உண்டு. பட்டையில் அழற்சி, அதனால்தான் வலி என்ற பேச்சும் அரைகுறைதான்: அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவைச் சோதித்து 2003-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது முக்கியமாக நார்களின் சிதைவு.

சிதைந்த திசுவுக்கு ஓய்வு மட்டும் போதாது, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். படியின் விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, வலிக்கும் காலின் குதிகாலை மூன்று நொடியில் மெதுவாக உயர்த்தி எழும்பி, இரண்டு நொடி நின்று, மூன்று நொடியில் இறங்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். ஒற்றைக்காலில் முடியாதவர்கள் இரண்டு காலிலும் தொடங்கலாம். 2015-இல் வந்த ஆய்வில், மூன்று மாதத்தில் இது வெறும் நீட்டல் பயிற்சியை முந்தியது, ஒரு வருடத்தில் இரண்டும் சமமாகிவிட்டன. எப்படியும் பொறுமை வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். கூடவே, படுக்கையிலிருந்து இறங்குமுன் கட்டைவிரலைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பத்து நொடி பிடித்து, பத்துத் தடவை செய்யுங்கள். கெண்டைக்கால் இறுகியிருந்தால் அதையும் நீட்ட வேண்டும். வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதை விட்டு மெத்தென்ற செருப்பு போடுங்கள்.

சரி, சுட்ட செங்கல்லில் எருக்க இலை வைத்து ஒத்தடம்? சூடு இதமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் சர்க்கரை நோயில் கால் மரத்தவர்கள் அதைத் தொடவே கூடாது. சூடு தெரியாமல் புண்ணாகிவிடும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும், ஆனால் பட்டை அறுந்துபோகவும் குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையவும் வாய்ப்புண்டு, எடுத்த எடுப்பில் அதற்குப் போக வேண்டாம்.

நாள் முழுக்க நிற்கும் வேலைதான் பெரிய எதிரி. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள், உட்காருங்கள். மரத்துப்போதல், எரிச்சல், படுத்திருந்தாலும் விடாத வலி, காய்ச்சல், இளவயதில் இரண்டு குதிகாலிலும் வலியோடு காலையில் நெடுநேரம் முதுகு விறைப்பு, இதில் ஏதாவது இருந்தால் பயிற்சியைத் தள்ளிவைத்து முதலில் டாக்டரைப் பாருங்கள்.