வீடு மாறும்போது துப்பாக்கியை எந்தப் பெட்டியில் வைப்பது?

வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் அழைத்தார். "சார், இவரைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஸ்பீடிங்குக்குத்தான் நிறுத்தினாங்க. கார்ல துப்பாக்கி இருக்குன்னு இவராவே சொன்னார்" என்றார். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

நான் நியூ ஜெர்சியில் குடிவரவு வழக்குகளைப் பார்க்கும் வக்கீல். விசா, க்ரீன் கார்டு, குடியுரிமை என்று என் பிழைப்பு ஓடுகிறது. துப்பாக்கியை நான் அருகில் பார்த்ததே ஊரில் வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் கையில்தான். ஆனால் நம் ஆட்கள் டெக்ஸாஸிலும் ஜார்ஜியாவிலும் வீடு வாங்கி, அப்படியே ஒரு துப்பாக்கியும் வாங்கி, பிறகு வேலை மாறி இந்தப் பக்கம் வருவது கூடிவிட்டதால், இந்தச் சட்டங்களையும் படிக்க வேண்டியதாயிற்று.

அன்று கைதானவர் டாலஸ் பக்கம் எட்டு ஆண்டுகள் இருந்தவர். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) க்ரீன் கார்டு வந்த பிறகு, கடையில் பின்னணிச் சோதனை எல்லாம் முடித்து முறையாக வாங்கிய கைத்துப்பாக்கி அது. 2021 செப்டம்பர் முதல் டெக்ஸாஸில் 21 வயது நிரம்பியவர், சட்டத் தடை ஏதும் இல்லாதவர் என்றால், லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். காரில் க்ளவ் பாக்ஸுக்குள் (டேஷ்போர்டில் உள்ள சிறு அறை) வைத்துக்கொண்டு ஓட்டுவது அங்கே யாருக்கும் செய்தியே இல்லை. இவரும் அப்படியே வைத்துக்கொண்டு டெனசி, வர்ஜீனியா, பென்சில்வேனியா என்று வந்து, ஐ-78 சாலையில் டெலவேர் ஆற்றுப் பாலத்தைக் கடந்தார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் கணக்கே வேறு. நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கியை வெளியே கொண்டுசெல்ல இந்த மாநிலத்தின் அனுமதி வேண்டும். வேறு எந்த மாநில அனுமதியும் இங்கே செல்லாது. அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் இரண்டாம் நிலைக் குற்றம், தண்டனை 5 முதல் 10 ஆண்டுகள். கிரேவ்ஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி குறைந்தது 42 மாதங்கள் பரோல் இல்லாமல் உள்ளே இருக்க வேண்டும். துப்பாக்கியை யார்மீதும் நீட்டியிருக்க வேண்டியதில்லை, வைத்திருந்ததே போதும். போதாக்குறைக்கு அவருடைய மேகசின், அதாவது துப்பாக்கியில் செருகும் தோட்டாக்கூடு, 17 தோட்டாக்கள் பிடிப்பது. 2018இல் வந்த சட்டப்படி இங்கே 10க்கு மேல் போனால் அது தனிக் குற்றம்.

இதே நியூ ஜெர்சி சட்டம் வீடு மாறுகிறவருக்கு ஒரு வழியும் விட்டிருக்கிறது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிபோகும்போது, தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியை மூடிப் பூட்டிய பெட்டியிலோ காரின் பூட்டிய ட்ரங்க்கிலோ (டிக்கி) வைத்துக் கொண்டுவரலாம். க்ளவ் பாக்ஸிலிருந்து ட்ரங்க்குக்கு ஆறேழு அடி தூரம் இருக்குமா? அந்த மேகசின் சிக்கல் அப்போதும் இருந்திருக்கும். ஆனால் சிறைக்கதவைத் திறந்தது க்ளவ் பாக்ஸ்தான்.

"ஃபெடரல் சட்டம் பாதுகாக்கும் என்று யூட்யூபில் பார்த்தேனே" என்று பலர் கேட்கிறார்கள். உண்மைதான், 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நீங்கள் புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருப்பதும் கொண்டுசெல்வதும் உங்களுக்குச் சட்டப்படி சரி என்றால், நடுவில் உள்ள மாநிலங்களை அது உங்களைக் கடக்க விடும். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து எட்டும்படி இருக்கக் கூடாது. ட்ரங்க் தனியாக இல்லாத எஸ்யூவி, மினிவேன் என்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். க்ளவ் பாக்ஸும் இருக்கைகளுக்கு நடுவே உள்ள கன்சோலும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது என்று சட்டமே சொல்கிறது.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்பதற்கு எங்கள் நூவர்க் விமான நிலையத்திலேயே ஒரு கதை உண்டு. 2005இல் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் பென்சில்வேனியா போகும் வழியில் நூவர்க்கில் இறங்கினார். துப்பாக்கியை விமான நிறுவனத்திடம் முறையாகச் சொல்லி, பூட்டிய பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார். அடுத்த பயணம் தவறிப்போக, பெட்டியை வாங்கிக்கொண்டு பக்கத்து ஹோட்டலில் இரவு தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் மறுபடி நேர்மையாகச் சொன்னார், கைது செய்தார்கள். சில நாள் சிறையில் இருந்தார். கிரிமினல் வழக்கு பின்னர் கைவிடப்பட்டாலும், அவர் தொடுத்த வழக்கில் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஹோட்டலில் பெட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததாம். அதனால் பயணப் பாதுகாப்பு பொருந்தாதாம்.

2013இல் பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், பென்சில்வேனியா அனுமதியை நம்பித் துப்பாக்கியோடு நியூ ஜெர்சிக்குள் வந்து மாட்டினார். அவரும் போலீஸிடம் தானாகவே சொன்னவர்தான். ஒரு மாதத்துக்கும் மேல் சிறை. 2015இல் ஆளுநர் மன்னிப்பு அளித்த பிறகுதான் தலைவலி தீர்ந்தது. அந்த வழக்கு எழுப்பிய சர்ச்சையால், விவரம் தெரியாமல் வரும் வெளிமாநிலத்தவர்களிடம் கடுமை காட்ட வேண்டாம் என்று 2014இல் அரசு வழக்கறிஞர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வந்தது. நம்மவருக்குக் கடைசியில் கைகொடுத்ததும் அதுதான்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். மேலே சொன்ன இரண்டு பேரும் அமெரிக்கர்கள். அவர்களுக்குக் கெட்ட கனவு சிறையோடு முடியும். க்ரீன் கார்டுக்காரருக்கு அப்படி இல்லை.

குடிவரவுச் சட்டத்தின் 237ஆவது பிரிவு, துப்பாக்கி தொடர்பாக எந்தச் சட்டத்தை மீறிக் குற்றவாளி என்று தீர்ப்பானாலும் அந்த வெளிநாட்டவரை நாடு கடத்தலாம் என்கிறது. வாங்குவது, விற்பது, வைத்திருப்பது, கொண்டுசெல்வது எல்லாம் அதற்குள் அடக்கம். துப்பாக்கியின் பாகமும் துணைக்கருவியும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எத்தனை நாள் தண்டனை என்று அது கேட்பதே இல்லை. சிறைக்கே போகாமல் புரொபேஷனில் (நன்னடத்தைக் கண்காணிப்பு) வீட்டுக்கு வந்தாலும் அது 'தீர்ப்பு'தான். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சில மாதம் ஒழுங்காக இருந்தால் கோப்பை மூடிவிடுவோம் என்ற ஏற்பாடும் குடிவரவுக் கணக்கில் பெரும்பாலும் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

இங்கேதான் நல்ல கிரிமினல் வக்கீல்களும் சறுக்குகிறார்கள். நம்மவருக்கு முதலில் அமர்த்திய வக்கீல், "ஜெயில் இல்லை, புரொபேஷன் மட்டும், ஒப்புக்கொண்டு போய்விடலாம்" என்றார். அமெரிக்கருக்கு அது நல்ல பேரம். இவர் அதில் கையெழுத்துப் போட்டிருந்தால் அடுத்த வழக்கு குடிவரவு நீதிமன்றத்தில் நடந்திருக்கும். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் நாடு கடத்தும் அபாயத்தை வக்கீல் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2010இல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நீங்களும் நினைவில் வைத்திருந்து கேட்க வேண்டும், "இது என் க்ரீன் கார்டை என்ன செய்யும்?" என்று. கடைசியில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, விசாரணைக்கு முன்பே கண்காணிப்பில் வைத்து வழக்கை முடித்துவிடும் திட்டத்தில் அவரைச் சேர்த்தோம். அந்த ஓராண்டில் மனிதர் பத்து வயது மூத்துப்போனார். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கைதைப் பற்றி அவர் சொல்லியாக வேண்டும்.

க்ரீன் கார்டுக்கே இந்தப் பாடு என்றால் விசாவில் இருப்பவர்களுக்கு? எச்-1பி, எல்-1 (வேலை), எஃப்-1 (படிப்பு), எச்-4 (எச்-1பிகாரரின் குடும்பம்), பி-2 (சுற்றுலா), எதில் வந்திருந்தாலும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். எந்த மாநிலம் என்பதெல்லாம் பொருட்டே இல்லை. சில விதிவிலக்குகள் உண்டு, அதில் நம் ஆட்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். அதை ஆன்லைனில் வாங்கி, அதைக் காட்டித் துப்பாக்கியும் வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் டெக்ஸாஸ் வேட்டை லைசென்ஸ் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 31ஆம் தேதி காலாவதியாகிறது. ஆகஸ்டில் வீடு மாறும் களேபரத்தில் அதைப் புதுப்பிக்க யாருக்கு நினைவிருக்கும்? செப்டம்பர் 1ஆம் தேதி காலை, கராஜில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் துப்பாக்கி அவரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறது.

வேலை போனால் இன்னும் மோசம். 60 நாள் அவகாசம் முடிந்து, வேறு விசாவும் கைவசம் இல்லாமல் இங்கேயே தங்கிவிட்டால், வேட்டை லைசென்ஸ் எதற்கும் உதவாது. சட்டவிரோதமாக இருப்பவருக்கு அந்த விதிவிலக்கே கிடையாது. ரெஹைஃப் என்பவரின் வழக்கு 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. மாணவர் விசாவில் வந்தவர், படிப்பில் தேறாமல் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, அதனால் விசா தகுதியை இழந்தவர். ஃபுளோரிடாவில் ஒரு ஷூட்டிங் ரேஞ்சில் சுட்டுப் பழகினார், அதற்கே சிறைத் தண்டனை. தனக்குத் தகுதி போய்விட்டது என்று அவருக்குத் தெரியும் என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் விசா முடிந்த தேதி உங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் சொன்னால் எந்த ஜூரி நம்பும்?

ரேஞ்ச் என்றதும் இன்னொன்று. ஊரிலிருந்து வரும் அப்பாவையும் மாமனாரையும் ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய், வாடகைத் துப்பாக்கியைக் கையில் கொடுத்துப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். பி-2 விசாவில் வந்தவர் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் 'வைத்திருப்பது'தான், அரை மணி நேர வாடகை என்றாலும். கொடுத்தவரும் மாட்டலாம். அவரை நயாகராவுக்குக் கூட்டிப்போங்கள்.

இதே காரணத்தால்தான் "ஃப்ரெண்டு வீட்டுல வெச்சிட்டு வந்துடறேன் சார்" என்று யாராவது சொன்னால் நான் உடனே கேட்பது, அந்த நண்பர் என்ன விசா? பாதிப் பேருக்கு அவர் எச்-1பி. உங்கள் சிக்கலை அவர் அலமாரியில் இறக்கி வைத்துவிட்டு வருகிறீர்கள். ஐ-485 எனும் க்ரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பவருக்கும் என் அறிவுரை அதுதான்: க்ரீன் கார்டு கைக்கு வரும்வரை தொடாதீர்கள்.

சரி, வீடு மாறுகிறவர் என்ன செய்வது? டெக்ஸாஸ், ஜார்ஜியா, ஃபுளோரிடா பக்கம் போகிறவர்களுக்கு மாநிலத்தில் பதிவு என்று ஒன்றும் கிடையாது. எதிர்த்திசையில் வருகிறவர்களுக்குத்தான் வேலை. நியூ ஜெர்சியில் குடியேறிய 60 நாளுக்குள் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை எடுத்து, கொண்டுவந்த கைத்துப்பாக்கியைப் பதிவும் செய்ய வேண்டும். கலிஃபோர்னியாவிலும் 60 நாளுக்குள் மாநில அரசின் நீதித்துறைக்கு (டிபார்ட்மெண்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) தெரிவிக்க வேண்டும். இல்லினாயில் ஓட்டுநர் உரிமம் மாற்றிய நாளிலிருந்து 60 நாளுக்குள் ஃபாய்ட் எனும் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாசசூசெட்ஸும் புதிதாக வருகிறவருக்கு 60 நாள் தருகிறது. எல்லாம் 60 என்று பார்த்து நியூ யார்க்கிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வீட்டுக்குள் கைத்துப்பாக்கி வைக்கவே லைசென்ஸ் வேண்டும். நியூ யார்க் நகரத்துக்குத் தனி லைசென்ஸ்.

இந்த 60 நாள் என்பது காகித வேலைக்கான அவகாசம்தான். அந்த மாநிலத்தில் அடியோடு தடைசெய்த பொருளை அது காப்பாற்றாது. 10க்கு மேல் பிடிக்கும் மேகசின், ஏஆர்-15 வகை ரைஃபிள்களில் பல, இவற்றை எல்லையைத் தாண்டிக் கொண்டுவருவதே கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் குற்றம். இந்தத் தடைகள் பலவற்றின்மீது நீதிமன்றங்களில் வழக்குகள் நடக்கின்றன, தீர்ப்புகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே நான் இன்று எழுதுவதை வைத்து அடுத்த ஆண்டு லாரி ஏற்றாதீர்கள். போகிற மாநிலத்துக் கிரிமினல் வக்கீல் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள், முன்கூட்டியே. மூவர்ஸ் கம்பெனியில் கொடுப்பதாக இருந்தால் பெட்டிக்குள் துப்பாக்கி இருப்பதை எழுத்தில் சொல்லுங்கள். தோட்டாவைப் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், புறப்படும் ஊரிலேயே லைசென்ஸ் உள்ள கடையில் விற்றுவிட்டு வெறுங்கையோடு வாருங்கள் என்பேன். போன மாதம் டெக்ஸாஸின் பிளேனோவிலிருந்து ஒருவர், லாரி வருவதற்கு இரண்டு வாரம் முன்பே அழைத்தார். பாதி விலைதான் கிடைக்கும் என்று முணுமுணுத்தாலும் விற்றுவிட்டார். நியூ ஜெர்சியின் எடிசன் நகரத்துக்கு வந்து சேர்ந்த கையோடு மறுபடி அழைத்து, இங்கே வாங்க என்ன வழி என்று கேட்டார். உள்ளூர்ப் போலீஸ் வழியாக விண்ணப்பம், கைரேகை, பாதுகாப்புப் பயிற்சி, அட்டைக்கு 50 டாலர், ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் 25 டாலரில் தனி அனுமதி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். உங்களை நன்கு தெரிந்த, உறவினர் அல்லாத இரண்டு பேர் சான்று தர வேண்டும் என்றதும் மனிதர் அமைதியாகிவிட்டார்.

"சார், வந்து ஒரு வாரம்தான் ஆகுது. எனக்கு இங்க உங்களைத்தான் தெரியும்" என்றார்.