தயவுசெய்து அந்தக் குறுவாளைத் தேய்க்காதீர்கள்

போன வாரம் வந்தவரோடு சேர்த்து இந்த வருடம் இது ஐந்தாவது. தாத்தா வீட்டுப் பரணைக் காலி செய்தபோது கிடைத்த எஸ்.ஏ. குறுவாள், அதாவது நாஜிக் கட்சியின் துணைப்படைக்காரர்கள் வைத்திருந்த குறுவாள். "உங்களிடம் காட்டத்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேய்த்தேன்" என்று பெருமையாகத் துணியை விரித்தார். அலகில் என் முகம் தெரிந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை.

பழைய ஜெர்மன் ஆயுதங்களை இனம் கண்டு சொல்வதும் பராமரிப்பதும் என் தொழில். மறுபடியும் சொல்கிறேன்: பளபளப்பு வேறு, சுத்தம் வேறு. 1933-ல் இந்தக் குறுவாள்கள் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரப் பட்டறைகளிலிருந்து புதிதாக வந்தபோதே கண்ணாடி மாதிரி இருக்கவில்லை. கடைசி மெருகை அலகின் நீளவாக்கில் போடாமல் குறுக்காகப் போட்டார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் முடியிழை போன்ற குறுக்குவரிகள் தெரியும். போலி செய்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். அசலுக்கு அடையாளமான அந்த வரியை மெட்டல் பாலிஷ் போட்டு அழித்துவிட்டு, "இது அசல்தானே?" என்று என்னிடம் கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது?

வரி மட்டும் போவதில்லை. அலகில் அமிலத்தால் அரித்த வாசகத்தின் கருமையும் வெளுத்துவிடும். அலகின் இரு பக்கமும் நீளமாக ஓடும் மெல்லிய கோடுகளைக் "கீறல்" என்று நினைத்துச் சிலர் சாணையே பிடித்துவிடுகிறார்கள். உறையின் வாயில் அலகை இறுக்கிப் பிடிக்கும் தகட்டு வில் விட்ட தடம் அது. இந்த அலகு பல காலம் உறைக்குள் போய்வந்தது என்பதற்கு அதுவே சான்று. அதைச் சரிசெய்ய வேண்டிய அவசியமே கிடையாது.

போன வாரக் குறுவாளில் எனக்கு மனம் ஆறாதது அதன் பின்பக்கம். 1934-ல் எஸ்.ஏ. தலைவர் எர்ன்ஸ்ட் ரோம் பழைய உறுப்பினர்களுக்கு, அலகின் பின்பக்கம் ஒரு வாசகமும் தன் பெயரும் பொறித்த குறுவாள்களைக் கொடுத்தார். அதே வருடம் ஜூன் 30-ல் தொடங்கிய களையெடுப்பில் ஹிட்லரின் ஆணைப்படி அவர் கொல்லப்பட்டார். அப்புறம் அந்தப் பெயரை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சிலர் வாசகம் முழுவதையும் தேய்த்தார்கள், சிலர் பெயரை மட்டும். அந்தத் தேய்ப்பின் சுவடு, ஒரு கொலைகார ஆட்சி தன் ஆளையே கொன்றுவிட்டு அவன் பெயரையும் துடைத்ததற்கு உலோகத்தில் பதிந்த சாட்சி. இந்த அலகில் அது இருந்ததா? இனி யாராலும் சொல்ல முடியாது.

"முத்திரை இருக்கிறதே, போதாதா?" என்பார்கள். போதாது. குறுவாள் செய்த ஐக்ஹார்ன் நிறுவனத்தின் அணில் முத்திரையை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். 1945-க்குப் பிறகு, மிஞ்சிய உதிரிகளை ஒன்றாகக் கோத்து நேச நாட்டுச் சிப்பாய்களுக்கு நினைவுப் பொருளாக விற்றதும் நடந்தது.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். 1935-ல் வந்த தரைப்படை அதிகாரிக் குறுவாளின் பிடியில் சூடான ஊசியைக் குத்திச் சோதிக்காதீர்கள். நிறைய பிடிகள் செல்லுலாய்டு. குப்பென்று தீப்பிடிக்கும். விரலால் லேசாகத் தேய்த்து முகர்ந்தாலே சூடத்தின் வாசம் வரும், அது போதும். பிற்காலக் குறுவாள்களின் துத்தநாகப் பூணைத் தேய்த்தால் நிக்கல் முலாம் உரிந்து ஈயம் பூத்த மாதிரி ஆகிவிடும். பிடியின் நுனிக் குமிழைத் திருகிக் கழற்றிப் பார்க்கவும் வேண்டாம்.

பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள், விரல் ரேகை பட்ட இடத்தில் துரு வரும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, துளி எண்ணெயோ அருங்காட்சியகங்களில் பூசும் நுண்படிக மெழுகோ மெல்லிசாகத் தடவினால் சரி. தோல் உறையானால் அலகைத் தனியாக எடுத்து வையுங்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்வஸ்திகா தெரியும் படத்தை இணையத்தில் போடுவதற்கு முன் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கும் ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவை ஒரு தடவை படித்துவிடுங்கள். வீட்டில் வைத்திருப்பது வேறு, ஊருக்குக் காட்டுவது வேறு. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு, ஆசைக்கு இல்லை.

"அந்த வரிகளை மறுபடி போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டார் அவர். முடியும், ஆனால் அது போலி வேலை, செய்ய மாட்டேன் என்றேன். உறையை இடுப்பில் மாட்டும் தோல் வார் இன்னும் பரணில்தான் கிடக்கிறதாம். அதைத் தூசியோடு அப்படியே எடுத்து வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.