பின்வாங்கி வந்து நிற்கும் ரயில்

ஜப்பானின் நாகானோ மாகாணத்தில், ஷினோனோய் பாதையில் ஒபாசுதே என்று ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 551 மீட்டர் உயரம், டிக்கெட் கொடுக்க ஆள் கிடையாது. நடைமேடையில் சில பெஞ்சுகள் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டியபடி போடப்பட்டிருக்கின்றன. அதில் உட்கார்ந்தால் படிப்படியாய் இறங்கும் வயல்களும் அதற்குக் கீழே பரந்த சமவெளியும் தெரியும். நிலவு பார்க்கப் பேர்போன இடம் இது. கவிஞர் பாஷோ 1688லேயே இதற்காக இங்கே வந்திருக்கிறார்.

எனக்கென்னவோ, அந்த பெஞ்சில் உட்காருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் நடக்கும் வேடிக்கையைத் தவறவிடுகிறார்கள். இங்கே நிற்கும் ரயில் ஒவ்வொன்றும் ஒரு முறையாவது பின்னோக்கி ஓடியே ஆக வேண்டும்.

காரணம் ஏற்றம். இந்தப் பாதை 1000 மீட்டருக்கு 25 மீட்டர் உயர்கிறது. சைக்கிள்காரருக்கு இது பெரிய மேடில்லை, ரயிலுக்கோ மலை. 300 டன் வண்டியைச் சமதரையில் உருட்டிக்கொண்டு போக ஒரு டன் அளவு இழுவிசை போதும். இந்தச் சரிவிலோ வண்டியின் எடையே ஏழரை டன் விசையோடு கீழே இழுக்கும். ஓடுகிற வண்டி எப்படியோ சமாளித்து ஏறிவிடும். நின்ற வண்டி கிளம்புவதுதான் பெரும்பாடு. பழைய வண்டிகளில் நிற்கும்போது அச்சுக்கும் தாங்கிக்கும் நடுவே இருந்த எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறிவிடும். முதல் அசைவுக்குக் கூடுதல் பலம் வேண்டும். பலத்தைக் கூட்டினால் வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

1900ல், நீராவி எஞ்சின் காலத்தில் இந்த ஸ்டேஷனைக் கட்டியவர்கள் மலையோடு மல்லுக்கட்டவில்லை. சாய்ந்த பிரதான பாதையை அப்படியே விட்டுவிட்டு, பக்கவாட்டில் இரண்டு சமதளக் கிளைகளைப் பிரித்தார்கள். இரண்டுமே முட்டுச்சந்துகள். ஒன்றில் நடைமேடை, மற்றது வண்டி ஒதுங்குவதற்கு. இரண்டும் பிரதான பாதையைப் பெருக்கல் குறி போலக் குறுக்கிட்டுச் சந்திக்கின்றன.

ஒரு திசையில் வரும் வண்டி நேரே நடைமேடைக்கு வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, பின்னால் நகர்ந்து மறு கிளைக்குள் போகும். அப்புறம் முன்னோக்கிக் கிளம்பும். எதிர்த்திசை வண்டி முதலில் அந்த மறு கிளைக்குள் புகுந்து, பின்வாங்கி நடைமேடைக்கு வரும். ஆக, எந்த வண்டியும் சரிவில் நின்று கிளம்ப வேண்டியதில்லை. சமதளத்தில் கொஞ்சம் வேகம் பிடித்துக்கொண்டுதான் ஏற்றத்தைத் தொடும்.

சரி, இன்றைய மின்சார ரயிலுக்கு இது தேவையா? இல்லை. பல அச்சுகளில் மோட்டார் இருப்பதால் இதே சரிவில் நின்று கிளம்புவது அதற்குச் சாதாரணம். ஜப்பானின் இன்னொரு ரயில் பாதையான ஓஉ பாதையில் தோகே உள்ளிட்ட நான்கு ஸ்டேஷன்களில் இதே ஏற்பாடு வரிசையாக இருந்தது. 1990ல் அத்தனையையும் எடுத்துவிட்டார்கள். ஒபாசுதேயிலோ உள்ளூர் வண்டிகள் இன்றும் முன்னும் பின்னும் போய் வருகின்றன. ஷினானோ விரைவு வண்டி இந்தக் கிளைகள் பக்கமே திரும்பாது. நடைமேடையில் நின்று பார்த்தால் தெரியும்: நம் காலடியில் தரை மட்டமாக இருக்க, பக்கத்துப் பாதையில் அது சாய்ந்தபடி கடந்து போகும்.