முந்திரிக்கொத்து ஏன் உருளவில்லை?

போன கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்னால், குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைப் பக்கம் மாமி வீட்டில் முந்திரிக்கொத்துக்கு மாவு பிசைந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இதில் முந்திரிப்பருப்பு கிடையாது. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. இரண்டு மூன்று உருண்டைகள் ஒட்டிக்கொண்டு குலையாக வேகும், அதனால் அந்தப் பெயர். வறுத்துத் திரித்த சிறுபயறு, தேங்காய், எள், ஏலம், சுக்கு எல்லாவற்றையும் கருப்பட்டிப் பாகில் பிசைந்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் போடவேண்டும்.

அன்றைக்கு உருட்டவே முடியவில்லை. உருட்டி வைத்தால் ஐந்து நிமிடத்தில் அடை மாதிரி அமர்ந்துவிட்டது. பாகு பதம் வரவில்லை என்று மறுபடி அடுப்பேற்றினார்கள். நிறம் கறுத்ததே தவிர பிசுக்கு போகவில்லை. மாமி கருப்பட்டி டின்னைச் சாய்த்துக் காட்டினார். அடியில் காப்பி நிறத்தில் ஒரு கை நீர். "ஐப்பசி மழையில வேர்த்துப் போச்சுல்லா மக்ளே. வேர்த்த கருப்பட்டி கெட்டியாகாது."

மாமி சொன்னது சரி. ஆனால் ஏன்? வேர்த்தது தண்ணீர்தானே, கொதிக்க வைத்தால் போய்விட வேண்டியதுதானே? இதற்கு பதில் டின்னுக்குள் இல்லை, பனை உச்சியில் இருக்கிறது.

பனையின் பாளையை நசுக்கி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டினால் ஊறி வருவதுதான் அக்கானி. தமிழ்நாட்டின் மற்ற பக்கங்களில் பதநீர் என்பார்கள். ஆண் பனை, பெண் பனை இரண்டிலும் எடுக்கலாம். ஓலையில் வெயிலால் உண்டான சர்க்கரை, பூவுக்கும் காய்க்கும் போவதற்காக ஃபுளோயம் என்ற மெல்லிய குழாய்கள் வழியே அழுத்தத்தோடு ஓடுகிறது. பாளை நுனியைச் சீவும்போது நாம் அந்தக் குழாயை நடுவழியில் திறந்துவிடுகிறோம். மரம் சும்மா இருக்காது. காயம் பட்ட குழாயின் வாயைக் கேலோஸ் என்ற பசையால் அடைக்கப் பார்க்கும். அதனால்தான் பனையேறி நாள் தவறாமல் ஏறி, காகிதக் கனத்துக்கு ஒரு சீவல் எடுக்கிறார். அந்தச் சீவலோடு அடைப்பும் போய்விடும், ஊற்று தொடரும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், சீவாமல் விட்டால் ஊற்று நின்றுவிடும். கை அறிந்த வேலை இது.

ஊறும் அக்கானியில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சர்க்கரை. அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது நம் சமையலறை வெள்ளைச் சீனியில் இருக்கிற அதே பொருள். மீதி கிட்டத்தட்ட எல்லாம் தண்ணீர். கொஞ்சம் தாது உப்புகளும் அமினோ அமிலங்களும் உண்டு. காற்றில் மிதக்கும் ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிட நல்ல விருந்து கிடையாது. நம் ஊர்ச் சூட்டில் ஈஸ்ட் இரண்டு மணி நேரத்தில் இரண்டு மடங்காகும். மாலையில் கட்டிய கலயத்தை விடியலில் இறக்குவதற்குள் ஆறு முறை பெருகிவிடலாம், அதாவது ஒன்று அறுபத்துநான்கு.

ஈஸ்டின் வேலை முறை கவனிக்கத்தக்கது. சுக்ரோஸ் அதற்குப் பெரிய கவளம். குளுக்கோஸ் ஒன்று, ஃபிரக்டோஸ் ஒன்று, இரண்டும் கைகோத்து நிற்பதுதான் சுக்ரோஸ். ஈஸ்ட் முதலில் இன்வர்டேஸ் என்ற நொதியை வெளியே விட்டு அந்தக் கையைப் பிரிக்கும். பிறகு தனித்தனியாக உள்ளே இழுத்துச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். பாக்டீரியா தன் பங்குக்குப் புளிக்கவைக்கும். அந்தப் புளிப்பு, அதாவது அமிலம், மிச்சமிருக்கும் சுக்ரோசையும் உடைக்க உதவும். காலையில் கலயத்தில் நுரையோடு இருப்பது கள்.

இதை நிறுத்தத்தான் சுண்ணாம்பு. கலயத்தைக் கட்டுமுன் உட்புறம் முழுக்க ஒரு பூச்சு. பிஎச் என்பது புளிப்பையும் காரத்தையும் காட்டும் அளவுகோல்; ஏழு நடு, கீழே போனால் புளிப்பு, மேலே போனால் காரம். நீற்றிய சுண்ணாம்பு கரைந்த நீரின் பிஎச் 12க்கு மேல் போகும். ஈஸ்டுக்குப் பிடித்தது நாலு முதல் ஆறு வரை. வெற்றிலைச் சுண்ணாம்பு கூடிப்போனால் நம் நாக்குக்கு என்ன ஆகிறதோ, கிட்டத்தட்ட அதுதான் அந்த நுண்ணுயிருக்கும் ஆகிறது. இன்வர்டேசும் இந்தக் காரத்தில் படுத்துவிடும். அமிலம் இல்லாததால் சுக்ரோஸ் தானாக உடைவதும் நின்றுவிடும். ஒரே பூச்சில் மூன்று பூட்டு.

ஒரே மரம், ஒரே பாளை. உள்ளே வெள்ளை பூசினால் அக்கானி, பூசாவிட்டால் கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடையே உண்டு. மாநில எல்லை என்பது வேதியியல் கணக்கில் ஒரு விரல் சுண்ணாம்புதான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

சுண்ணாம்பின் அளவு எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. குறைந்தால் புளிக்கும், கூடினால் நாக்கைப் பொத்தும், காய்ச்சும்போது நிறமும் கறுக்கும். அக்கானி வாங்கிக் குடிப்பவர்கள் கொஞ்ச நேரம் தெளியவிட்டு மேலாகக் குடிப்பது இதனால்தான். அடியில் தங்கும் வெள்ளை வண்டல் கரையாத சுண்ணாம்பு.

இனி அடுப்பு. பத்து லிட்டர் அக்கானியைக் காய்ச்சினால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கருப்பட்டி கிடைக்கும். அப்படியானால் ஏறத்தாழ ஒன்பது லிட்டர் தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டு காஸ் அடுப்பில் செய்தால், வீணாகும் சூட்டையும் சேர்த்து முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை காஸ் எரியும். கருப்பட்டி விலை ஏன் இறங்குவதில்லை என்று கேட்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம். மரம் ஏறும் ஆபத்து தனிக்கணக்கு.

காய்ச்சும்போது நுரை பொங்கிவரும். அப்போது ஆமணக்கு முத்தை நசுக்கி ஒரு சிட்டிகை போடுவார்கள், உடனே அடங்கும். நுரைக்குமிழியின் தோலை இழுத்துப் பிடித்திருப்பது புரதம் போன்ற பொருட்கள். எண்ணெய்த் துளி அந்தத் தோலில் பரவி ஓட்டை போடுகிறது. சோறு பொங்கி வழியும்போது ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவதும் இதே வித்தைதான்.

பாகு கெட்டிப்படக் கெட்டிப்படக் கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டி ஏறும். 120ஐ நெருங்கும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் விரலுக்குள் உருளும். வெப்பமானி இல்லாமல் வெப்பத்தை அளக்கும் வழி அது. உடனே இறக்கித் துழாவி, மணலில் வரிசையாக அமர்த்திய சிரட்டைகளில் ஊற்றுவார்கள். துழாவும்போது பாகுக்குள் பொடிப்பொடியாகச் சுக்ரோஸ் படிகங்கள் பிறக்கும். கருப்பட்டியை உடைத்தால் மணல் மாதிரி நறநறப்பது அந்தப் படிகங்கள்தான். அந்தக் கூட்டம்தான் கருப்பட்டியை நிற்க வைக்கும் எலும்பு.

ஆனால் படிகம் கட்ட எல்லா மூலக்கூறும் ஒரே அச்சாக இருக்கவேண்டும். ஒரே அளவுச் செங்கலால் சுவர் எழுப்பும்போது நடுநடுவே அரைச்செங்கல் வந்து விழுந்தால் வரிசை கெடும் அல்லவா? உடைந்த குளுக்கோசும் ஃபிரக்டோசும் அந்த அரைச்செங்கல். குலாப் ஜாமூன் சீராவில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுகிறோமே, எதற்கு? அமிலம் சுக்ரோசைக் கொஞ்சம் உடைத்துவிட்டால் சீரா கல்கண்டாகக் கட்டாது. இனிப்புக்கடைக்காரர் வேண்டுமென்றே செய்வதைத்தான் பனையேறி நடக்கவிடாமல் காவல் காக்கிறார்.

இப்போது டின்னுக்குத் திரும்பலாம். கொஞ்சம் புளித்த அக்கானியில் செய்த கருப்பட்டியில் உடைந்த சர்க்கரை கூடுதல். அதிலும் ஃபிரக்டோசுக்குத் தண்ணீர்த் தாகம் அதிகம். சுத்தமான சுக்ரோஸ் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தொடும்வரை பேசாமல் இருக்கும். ஃபிரக்டோஸ் 62 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். இரண்டும் கலந்து கிடந்தால் அதற்கும் கீழேயே கசியும். குமரி மாவட்டத்துக்கு ஆனியில் தென்மேற்கு, ஐப்பசியில் வடகிழக்கு என்று இரண்டு மழை. மழை நாளில் ஈரப்பதம் 80ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். ஆக, நம் கருப்பட்டி வருடத்தில் இரண்டு முறை வேர்க்கிறது. வேர்த்த நீரில் நுண்ணுயிர் மறுபடி குடியேறும், புளிக்கும், இன்னும் சுக்ரோஸ் உடையும், அதனால் இன்னும் வேர்க்கும்.

மாமி அதை இரண்டாம் முறை அடுப்பேற்றியதுதான் வினை. புளித்த பாகைச் சூடாக்கினால் மிச்சமிருந்த செங்கலும் உடையும். தண்ணீர் போய்விட்டது, உடைந்தது ஒட்டவில்லை.

அந்தக் காலத்தில் கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள். விறகடுப்பின் சூடு சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும். காஸ் அடுப்பு வந்தபிறகு பரணுக்கு அந்த வேலை இல்லை. நான் இப்போது செய்வது: மழைக்கு முன்னாலேயே வாங்கி, வெயிலில் ஒரு மணி நேரம் காட்டி, இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில் அடைப்பது. அடியில் ஒரு பிடி வறுத்த அரிசி, அதன்மேல் காகிதம். ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் குளிர்ந்த கட்டியின் மேல் காற்றின் ஈரம் படியும். மொத்தமாக வைத்து அடிக்கடி எடுப்பதைவிட, தேவைக்குத் தனித்தனியாக அடைத்து வைப்பது நல்லது.

கருப்பட்டிக் காப்பியில் பால் திரிவதற்கும் பெரும்பாலும் இந்தப் புளிப்புதான் காரணம். பாலின் பிஎச் 6.6க்குப் பக்கம். ஆறிய பால் உறைய அது 4.6 வரை இறங்கவேண்டும். கொதிக்கும் பாலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, 6க்குச் சற்றுக் கீழே போனாலே கேசீன் புரதம் திரண்டுவிடும். கருப்பட்டியில் கரைந்திருக்கும் கால்சியமும் அதற்கு எண்ணெய் ஊற்றும். எனவே கருப்பட்டியைத் தனியே தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பாலை அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்தபிறகு சேருங்கள். தேங்காய்ப்பாலில் கேசீன் இல்லை. நம் பக்கத்துப் பிரதமன் பாயசத்தில் வெல்லத்துக்குத் துணையாகத் தேங்காய்ப்பால் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. கருப்பட்டிக் கரைசலை நன்றாக ஆறவிட்டு ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். சலசலவென்று குமிழி வந்தால் புளிப்பு ஏறியிருக்கிறது. சூடாக இருக்கும்போது செய்யாதீர்கள், சூட்டில் சோடா தானாகவே குமிழி விடும்.

கலப்படம் கண்டுபிடிக்க வழி உண்டா என்று எல்லோரும் கேட்பார்கள். வெள்ளைச் சீனி கலந்ததை வீட்டில் கண்டுபிடிப்பது பாடுதான், இரண்டிலும் இருப்பது ஒரே சுக்ரோஸ். ஆனால் ஆய்வகத்தில் ஒரு சுவாரசியமான வழி இருக்கிறது. கார்பனில் நூற்றுக்கு ஒன்று சற்றுக் கனமானது, கார்பன் 13. கரும்பு காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் முறை வேறு, பனையின் முறை வேறு. கரும்புச் சர்க்கரையில் கனமான கார்பன் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். தேனில் சர்க்கரை கலப்பதையும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். அப்புறம் இன்னொன்று: இதிலும் இருப்பது அதே சுக்ரோஸ்தான், ஆகவே சர்க்கரை நோய்க்காரர் கருப்பட்டியைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்பது வெறும் பேச்சு.

மாமி வீட்டுக் கொல்லையில் பழைய கலயம் ஒன்று குப்புறக் கிடந்தது. உள்ளே நகத்தால் சுரண்ட முடியாத வெள்ளைப் பொருக்கு. கடற்கரையில் பொறுக்கிய சிப்பியோட்டைச் சூளையில் 900 டிகிரி அளவில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுண்ணாம்பாகும். நூறு கிராம் ஓட்டுக்கு 56 கிராம். தண்ணீர் விட்டு நீற்றிக் கலயத்தில் பூசுகிறோம். காய்ந்த பூச்சு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பொருக்கின்மேல் எலுமிச்சையைப் பிழிந்தேன். நுரைத்தது. மாமியின் பேரன் ஓடிப்போய் முட்டம் கடற்கரையில் பொறுக்கி வைத்திருந்த சிப்பி ஒன்றை எடுத்துவந்து அதன்மேலும் பிழிந்தான். அதுவும் அதே மாதிரி நுரைத்தது.